மலைக்கு ஏன் குழி விழுந்தது?

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பரிசளிப்பு விழா மலருக்காக எழுத்தில் வடித்தது.)



சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், ஏதாவது அறிவியல் பேசுங்க, ஆனா தூக்கம் வராம பேசுங்க" என்று சொன்னார். தலைப்பை அவர் கொடுக்கவில்லை. தலைப்பு கொடுத்தவன் ஐந்தாம் ஆண்டிலே படிக்கும் ஒரு பையன்.

2025 ஆகஸ்டு 24-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையிலே ஜொகூர் சிகாமட்டில் நிலம் அதிர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அளவு 4.1 என்று அறிவித்தார்கள். இங்கே பேராவில் நமக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கைப்பேசி தெரியவைத்து விட்டது. அடுத்த நாள் வகுப்பிலே அந்தப் பையன் எழுந்து நின்று கேட்டான்: "டீச்சர், நம்ம தோட்டத்துக்குப் பின்னால இருக்கிற மலையும் வெடிக்குமா? அதுக்கும் வாய் இருக்கே!" அவன் சொன்ன வாய், நம் சுண்ணாம்புக் குன்றிலே வௌவால் குடியிருக்கும் அந்தக் குகைதான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவன் அம்மா பிறகு பள்ளி வாசலிலே என்னிடம் சொன்னார், "மூணு நாளா ராத்திரி தூங்க மாட்டேங்கிறான் டீச்சர். அந்தப் பக்கத்து ஜன்னலை மூடச் சொல்றான்."

ஆகவே முதலிலேயே விடையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குன்று எரிமலை அல்ல, அது வெடிக்காது. ஆனால் "பயப்படாதே, படு" என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் மலையிலே குழி விழுவது எப்படி என்று சரியாகத் தெரிந்துகொண்டால், நாம் எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்குக் கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும் என்று இரண்டும் தெரிந்துவிடும். நம் வட்டாரத்தில் இரண்டாவதும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எரிமலை என்றதும் பிள்ளைகள் ஒரு கூம்பு வரைந்து, உச்சியிலே ஒரு கிண்ணம் வைத்து, அதிலிருந்து சிவப்புச் சாயம் வழிகிற மாதிரி வரைகிறார்கள். அது தவறில்லை. அந்தக் கிண்ணத்துக்கு எரிமலைவாய் என்று பெயர். அது எப்படி உண்டாகிறது என்று பார்க்க எங்கேயும் போக வேண்டியதில்லை. மழை விட்ட பிறகு லயத்துக்குப் பக்கத்திலே எறும்பு புற்று வைப்பதைப் பாருங்கள். கீழேயிருந்து ஒவ்வொரு மண்ணாகக் கொண்டுவந்து ஓட்டையைச் சுற்றிப் போடுகிறது. சுற்றிலும் மேடு ஏறுகிறது, நடுவிலே குழி இருக்கிறது. அங்கே தோண்டிய குழி என்பதைவிட, சுற்றிலும் கொட்டியதால் நடுவிலே மிச்சமான பள்ளம் என்பதே சரி. எரிமலையும் தன் வாயிலிருந்து சாம்பலையும் கல்லையும் எறிந்து தன்னைச் சுற்றியே கொட்டிக்கொள்கிறது.

இனி, ஏன் எறிகிறது? பூமிக்கடியிலே பாறை உருகிக் குழம்பாக இருக்கிறது. அதன் வெப்பம் 700 டிகிரியிலிருந்து 1,200 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருக்கும். நம் வீட்டு உலை கொதிப்பது 100 டிகிரியிலே. அந்தக் குழம்புக்குள்ளே நீராவியும் மற்ற வாயுக்களும் கரைந்து கிடக்கின்றன, சோடா போத்தலுக்குள்ளே காற்று கரைந்திருப்பதைப் போல. மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது; வாயு குமிழியாகப் பிரிகிறது. மூடியைத் திறந்த சோடா போத்தல்தான்.

அப்படியானால் எல்லா எரிமலையும் ஒரே மாதிரி வெடிக்க வேண்டுமே? இல்லை. இதைப் பால்மரம் வெட்டியவர்களுக்குச் சொல்வது எளிது. காலையிலே மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றுகிற பால் எப்படி ஓடுகிறது? அதிலே குமிழி வந்தால் தானாக மேலே வந்து உடைந்து போகும். அதுவே காடி ஊற்றி உறைய ஆரம்பித்த பிறகு? குமிழி உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஹவாய்த் தீவின் எரிமலைக் குழம்பு வாளியிலே ஊற்றுகிற பாலைப் போல. நீர்த்தது, ஓடும், வாயு சுலபமாக வெளியே போய்விடும். சுமத்ரா, ஜாவா எரிமலைகளின் குழம்பு பெரும்பாலும் உறைகிற பாலைப் போல. கெட்டியானது, வாயுவை விடாது, விட்டால் ஒரேயடியாக வெடித்துத்தான் விடும்.

இன்னொரு விதமான குழியும் உண்டு. தாளிக்கும்போது சட்டியில் எண்ணெய் காய்ந்திருக்க, கையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் இடம் கேட்கிறது. நெருப்புக் குழம்பு மேலே வரும் வழியிலே நிலத்தடி நீரைத் தொட்டால் இதே கூத்துத்தான், ஆனால் மலை அளவுக்கு. மேலே இருக்கும் நிலத்தையே பெயர்த்து எறிந்துவிட்டு, வட்டமாக ஒரு பள்ளத்தை விட்டுவிட்டுப் போகும். பிறகு அதிலே மழைநீர் நின்று குளமாகிவிடும். ஜாவாவின் கிழக்கே லாமோங்கான் எரிமலையைச் சுற்றி இப்படிப்பட்ட ஏரிகள் பல இருக்கின்றன.

இதுவரை சொன்னவை சின்னக் குழிகள். சின்னது என்றால் நம் பள்ளித் திடலையே விழுங்கக்கூடிய சின்னது. ஆனால் உலகத்திலே உள்ள மிகப் பெரிய எரிமலைக் குழிகள் வெடித்ததால் மட்டும் உண்டானவை அல்ல. அவை இடிந்து உள்ளே விழுந்ததால் உண்டானவை. இவற்றுக்குக் கால்டெரா என்று பெயர். ஸ்பானிய மொழியிலே அதற்குக் கொப்பரை என்று பொருள். தமிழ்ப் பாடநூல்களில் எரிமலைப் பெருவாய் என்று எழுதுகிறார்கள். எனக்கென்னவோ கொப்பரைதான் பிடித்திருக்கிறது. கல்யாண வீட்டிலே சாம்பார் வைக்கிற கொப்பரையைப் பார்த்த பிள்ளைக்கு அந்த வடிவம் உடனே மனத்தில் நிற்கும்.

இதை விளக்க வகுப்பிலே ஒரு வேலை செய்தோம். பழைய வாளி ஒன்றின் அடியிலே ஓட்டை போட்டோம். ஒரு பலூனின் வாயிலே மெல்லிய ரப்பர் குழாயைக் கட்டி, குழாயை ஓட்டை வழியாக வெளியே விட்டு, பலூனை ஊதிக் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டோம். பலூன் மூடும்படி மணல் போட்டு, மேலே கோதுமை மாவைத் தூவித் தட்டி மட்டமாக்கினோம். செலவு இரண்டு வெள்ளிகூட ஆகவில்லை. பிறகு குழாயை மெல்லத் திறந்தோம். காற்று போகப் போக, முதலிலே மாவின் மேல் வட்டமாக ஒரு மயிரிழை வெடிப்பு தெரிந்தது. அதற்குள்ளே இன்னொரு வட்டம். பிறகு நடுப்பகுதி முழுவதும் ஒரு தட்டைப் போல அப்படியே கீழே இறங்கியது. சுற்றிலும் செங்குத்தான சுவர், உள்ளே தட்டையான தரை. "டீச்சர், கோயில் தெப்பக்குளம் மாதிரி இருக்கு!" என்று ஒரு பெண் பிள்ளை கூவினாள். பாடநூல் ஒரு பக்கம் எழுதுவதை அவள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

பலூன் என்பது மலைக்கடியிலே இருக்கும் குழம்பு அறை. மணலும் மாவும் அந்த அறையின் கூரை. வெடிப்பிலே குழம்பு மிகுதியாக வெளியே போய்விட்டால் கூரையைத் தாங்க ஆளில்லை. கூரை வட்டமாக விரிசல் விட்டு உள்ளே இறங்குகிறது. இறங்கும்போது மிச்சக் குழம்பை அமுக்குகிறது. அது அந்த வட்ட விரிசல் வழியாகப் பீறிட்டு வெளியே வருகிறது. அதனால் அறை இன்னும் காலியாகிறது. கூரை இன்னும் இறங்குகிறது. ஒன்றை ஒன்று தூண்டிவிடும் சங்கதி இது. இந்தச் சங்கிலி ஒருமுறை தொடங்கிவிட்டால் மலை என்று ஒன்று நின்ற இடத்திலே கொப்பரைதான் மிஞ்சும்.

உலகத்திலேயே இதற்குப் பெரிய சான்றுகளில் ஒன்று நமக்கு அண்டை வீட்டுக்காரர். ஈப்போவிலிருந்து தென்மேற்கே, மலாக்கா நீரிணையைத் தாண்டி, பறவை பறக்கும் கணக்கிலே 350 கிலோமீட்டருக்குள் இருக்கிறது சுமத்ராவின் தோபா ஏரி. நீளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர், அகலம் 30 கிலோமீட்டர், ஆழம் சில இடங்களில் 500 மீட்டர். மேடான் போய் வந்தவர்கள் அதை அழகான ஏரி என்பார்கள். அது அழகான ஏரிதான். அதே சமயம் அது ஒரு கொப்பரை. ஒரே முறையில் ஆனதும் அல்ல. பன்னிரண்டு லட்சம் ஆண்டுக் காலத்திலே நான்கு பெரிய வெடிப்புகள். கடைசியாக, எல்லாவற்றிலும் பெரியதாக, ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது.

அப்போது வெளியே வந்த குழம்பு 2,800 கன கிலோமீட்டர் என்று ஒரு மதிப்பீடு உண்டு. கன கிலோமீட்டர் என்றால் யாருக்கும் பிடிபடாது. ஆறாம் ஆண்டு மாணவர்களை விட்டுக் கணக்குப் போடச் சொன்னேன். தீபகற்ப மலேசியாவின் பரப்பு ஏறத்தாழ 1,32,000 சதுர கிலோமீட்டர். பெர்லிசிலிருந்து ஜொகூர் வரைக்கும் அவ்வளவையும் பரப்பினால் உயரம் ஏறத்தாழ 21 மீட்டர் வருகிறது. நம் லயத்துக்குப் பக்கத்திலே நிற்கும் தென்னைமரம் உச்சி வரை மூழ்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலே அது இங்கே மட்டும் விழவில்லை. காற்று அதன் சாம்பலை எங்கெங்கோ கொண்டு போய்விட்டது. நம் பேராவிலேயே லெங்கோங் பள்ளத்தாக்கிலே, கோத்தா தம்பானில், அந்தச் சாம்பல் படிவும் பழங்கால மனிதர் செய்த கல் கருவிகளும் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. 2012-இல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலக மரபிடமாக அறிவித்தது. வங்கக் கடலைத் தாண்டி ஆந்திராவிலே ஜுவாலாபுரம் என்ற ஊரிலும் தோபாச் சாம்பல் இருக்கிறது. ஜுவாலை என்றால் தீக்கொழுந்து. பெயர் எப்படிப் பொருந்தியது பாருங்கள், தற்செயல்தான். அந்த ஊரிலே சாம்பலுக்குக் கீழேயும் கல் கருவிகள் கிடைத்தன, சாம்பலுக்கு மேலேயும் கிடைத்தன. மேலேயும் கிடைத்ததால், அவ்வளவு பெரிய சாம்பல் மழைக்குப் பிறகும் அங்கே மனிதர் வாழ்ந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் எழுதினார்கள்.

தோபா ஏரிக்கு நடுவிலே சமோசிர் என்றொரு தீவு இருக்கிறது. பினாங்குத் தீவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. இது எப்படி அங்கே வந்தது? மறுபடியும் வாளிக்குப் போவோம். தட்டு இறங்கிய பிறகு ஒரு பையன் குறும்புக்குக் குழாயிலே மறுபடி ஊதிவிட்டான். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். பார்த்தால் கொப்பரையின் தரை நடுவிலே மெல்ல உப்பி எழுகிறது! அதுதான் சமோசிர். காலியான அறைக்குள்ளே புதுக் குழம்பு ஏறி, ஏரியின் தரையைக் கீழேயிருந்து தூக்கியது. சமோசிர் மேட்டின் மேலே ஏரியடிச் சேற்றுப் படிவுகள் இருப்பதை வைத்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு காலத்திலே தண்ணீருக்கடியில் இருந்த தரையிலே இன்று மக்கள் நெல் பயிரிடுகிறார்கள்.

அங்கே வாழும் பாத்தாக் மக்களுக்கு ஒரு கதை இருக்கிறது. ஒரு மீனவன் பிடித்த மீன் பெண்ணாக மாறி அவனுக்கு மனைவியானாளாம். தன் பிறப்பை யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாளாம். ஒரு நாள் மகன்மேல் வந்த கோபத்தில் அவன் "மீனுக்குப் பிறந்தவனே" என்று ஏசிவிட்டான். உடனே பூமியிலிருந்து தண்ணீர் பொங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது, அதுதான் ஏரி. நம் பாட்டிமார் சொல்லுகிற கதைகளைப் போலத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள், வாளியையும் காட்டுங்கள். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாது.

தோபா யாரும் எழுதி வைக்காத காலத்து விஷயம். கிராக்கத்தாவ் அப்படி இல்லை. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவிலே இருந்த தீவு அது. 1883 ஆகஸ்டு 27-ஆம் தேதி காலை பத்து மணிக்கு அது வெடித்த ஓசை, 4,800 கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரொட்ரிகஸ் தீவிலே பீரங்கிச் சத்தம்போலக் கேட்டது. ஓசை அங்கே போய்ச் சேரவே நாலு மணி நேரம் ஆகியிருந்தது. தீவில் மூன்றில் இரண்டு பங்கு கடலுக்குள் இறங்கிவிட்டது. கரையோர ஊர்களில் கடல் ஏறி 36,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலை வெடித்துச் செத்தவர்களைவிட அலையிலே செத்தவர்கள்தாம் மிகப் பெரும்பாலோர். இதை மறக்கக்கூடாது.

அந்த முழுகிய கொப்பரையிலே 1927-இல் மறுபடி வெடிப்புத் தொடங்கி, சில ஆண்டுகளில் புதுத் தீவொன்று நிலைத்தது. அனாக் கிராக்கத்தாவ் என்று பெயர் வைத்தார்கள், கிராக்கத்தாவின் பிள்ளை என்று. பிள்ளை வளர்ந்து 338 மீட்டர் உயரம் ஆயிற்று. ஆனால் அது உட்கார்ந்திருந்தது கொப்பரையின் விளிம்பிலே, பிடிமானம் இல்லாத சரிவிலே. 2018 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அதன் தென்மேற்குப் பக்கம் அப்படியே வழுக்கிக் கடலுக்குள் போயிற்று. நிலநடுக்கம் வந்து முன்னறிவித்த அலை அல்ல அது, ஓசைப்படாமல் வந்தது. 400-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மலையின் உயரம் 110 மீட்டராகக் குறைந்தது. ஆக, மலை கீழ்நோக்கி மட்டுமல்ல, பக்கவாட்டிலும் இடியும். அப்படி இடிந்தால் குதிரைக் குளம்பு வடிவிலே ஒரு பக்கம் திறந்த குழி மிஞ்சும்.

இந்தோனேசியாவின் தம்போராவும் இப்படித்தான். 1815 ஏப்ரலில் வெடித்து, உச்சியை இழந்து, 6 கிலோமீட்டர் அகலக் கொப்பரையோடு நிற்கிறது. அதற்கடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைகாலமே சரியாக வரவில்லை, பயிர் கெட்டது. பிலிப்பீன்சின் பினாத்துபோ 1991 ஜூன் 15-இல் வெடித்து, 2.5 கிலோமீட்டர் அகலத்துக்கு உச்சி உள்வாங்கிற்று. அமெரிக்காவிலே ஓரிகன் மாநிலத்தில் ஓர் ஏரி இருக்கிறது. 594 மீட்டர் ஆழம். அதற்கு எரிமலைவாய் ஏரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அது 7,700 ஆண்டுகளுக்கு முன் இடிந்து விழுந்த மலையின் கொப்பரை. பெயர் வைத்தவர்களை இனித் திருத்த முடியாது!

ஆனால் ஒன்று. இடிந்து விழுவதற்குப் பெரிய வெடிப்பு வேண்டும் என்பதும் இல்லை. ஹவாயின் கிலவேயாவிலே 2018-இல் நடந்ததை நான் பிள்ளைகளுக்கு விரும்பிச் சொல்வேன். உச்சிக்குக் கீழே இருந்த குழம்பு, நிலத்தடியாகவே 40 கிலோமீட்டர் தள்ளிப் போய், கிழக்கே ஒரு குடியிருப்பின் நடுவிலே வெளிவந்தது. 700-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அங்கே குழம்பு ஓட ஓட, இங்கே உச்சி கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்தது. மே முதல் ஆகஸ்டு வரை, ஒரு நாளைக்கு ஒரு தடவை என்கிற கணக்கிலே தடால் தடாலென்று இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கோ ஒரு மூலையில் குழாயைத் திறந்தால் இங்கே தொட்டியிலே தண்ணீர் குறையும் இல்லையா, அதுதான். இதிலே நமக்கு ஒரு விஷயம் இருக்கிறது: நிலம் இறங்கினால், கீழே இருந்தது எங்கோ போயிருக்கிறது என்று அர்த்தம்.

வட்டமான குழியெல்லாம் எரிமலை என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தியாவிலே மகாராஷ்டிராவில் லோனார் என்றோர் ஏரி, 1.8 கிலோமீட்டர் அகலத்தில் அச்சு வார்த்த மாதிரி வட்டமாக இருக்கும். சுற்றிலும் பழைய எரிமலைப் பாறை. அதனால் நெடுங்காலம் எரிமலைவாய் என்றே நினைத்தார்கள். பிறகு பாறைகளை ஆராய்ந்து, விண்கல் விழுந்த குழி அது என்று கண்டுபிடித்தார்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

சுமத்ராவுக்கு மேற்கே கடலடித் தட்டு ஒன்று சுமத்ராவுக்குக் கீழே நுழைந்துகொண்டே இருக்கிறது. அது ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போகும்போது அதிலிருந்து கசியும் நீர் மேலே உள்ள சூடான பாறையை உருகவைக்கிறது. அந்தக் குழம்புதான் மேலே ஏறிச் சுமத்ராவிலே எரிமலை வரிசையாக நிற்கிறது. நம் தீபகற்பம் அந்த வரிசைக்குப் பின்னால், தள்ளி இருக்கிறது. இங்கே உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. சிகாமட்டில் நடந்தது பழைய நிலப் பிளவு ஒன்று அசைந்தது. எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் நம் மண்ணிலும் ஒரு காலத்தில் நெருப்பு இருந்தது. தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் முழுவதும், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்துக்கடியிலேயே ஆறிப்போன குழம்பு. நம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் அந்தக் குழம்பு கொண்டுவந்ததுதான். அந்த ஈயத்துக்காகத்தானே கம்பாரும் கோப்பெங்கும் பத்துகாஜாவும் ஊர்களாயின? நம் தாத்தாமாரிலே சிலர் சுரங்கத்திலும் வேலை செய்தவர்கள். அவர்களுக்குச் சோறு போட்டது ஒரு பழைய நெருப்பு என்று பேரப்பிள்ளைக்குச் சொல்லலாம்.

அந்தப் பையன் பயந்த குன்று கருங்கல் அல்ல, சுண்ணாம்புக்கல். பழைய கடலடியிலே சிப்பியும் பவளமும் படிந்து உண்டான கல். அதன் குகையைச் செய்தது நெருப்பு அல்ல, தண்ணீர். மழைநீர் காற்றிலும் இலை மக்கிய மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு இலேசான புளிப்பு நீராகிறது. அது சுண்ணாம்புக்கல்லைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. வீட்டிலே ஒரு துண்டுச் சுண்ணாம்புக்கல்லின் மேல் எலுமிச்சம்பழச் சாறு விட்டுப் பாருங்கள், நுரை தெரியும். இதுவே பல்லாயிரம் ஆண்டுகள் நடந்தால் குகை.

நான் முதலில் சொன்ன இரண்டாவது விஷயம் இங்கேதான் வருகிறது. குன்றிலே தெரியும் குகை நமக்குத் தெரியும். கிந்தா பள்ளத்தாக்கிலே மண்ணுக்கடியிலும் அதே சுண்ணாம்புக்கல் படுத்திருக்கிறது. அதிலும் பொந்துகள் உண்டு. அவை நம் கண்ணுக்குத் தெரியாது. நிலத்தடி நீர் நிறைந்திருக்கும் வரை அது மேலே உள்ள மண்ணுக்கு ஒரு தாங்கல். சுரங்கத்துக்காகவோ வேறு எதற்காகவோ நீரை இறைத்துவிட்டால் தாங்கல் போகிறது. பிறகு பெருமழை வந்து மண்ணை அந்தப் பொந்துக்குள் இழுத்துப் போகிறது. மேலே புல் பச்சையாக நிற்கும், அடியிலே வெற்றிடம். ஒரு நாள் கூரை விழும். வாளியிலே பார்த்தோமே, அதே சட்டம்தான். பலூனுக்குப் பதிலாகப் பொந்து, குழம்புக்குப் பதிலாகத் தண்ணீர். 1985-இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடிய பிறகும், அந்தக் குட்டைகளும் இளகிய மணலும் நம் பக்கத்திலேதானே கிடக்கின்றன?

நகரத்திலே நிலத்தடிக் குழாய் உடைந்து நீர் மண்ணை அரித்தாலும் குழி விழும். 2024 ஆகஸ்டு 23-ஆம் தேதி கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா சாலையிலே, நம்மில் பலர் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற அந்தத் தெருவிலே, நடைபாதை திடீரென்று உள்வாங்கிற்று. ஆழம் 8 மீட்டர். நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணி அதிலே விழுந்தார். ஒன்பது நாள் தேடினார்கள். அவர் கிடைக்கவேயில்லை. அதேபோல 1973 அக்டோபரில், ஈப்போவிலே நாம் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் போகும் கல்லுமலைக் கோயில் இருக்கிறதே, அந்தக் குனோங் செரோ மலையிலிருந்து ஒரு பெரும் பாறை பெயர்ந்து அடிவாரத்துக் குடியிருப்பின் மேல் விழுந்தது. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள்.

பெற்றோர்களே, உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எரிமலை வரும் என்று இல்லாததற்குப் பயந்து ஜன்னலை மூடுகிற பிள்ளை, பள்ளி விட்டு வரும்போது குன்றின் அடிவாரத்திலே நிழல் தேடி உட்காருகிறான். பழைய ஈயக் குட்டையின் ஓரத்திலே மீன் பிடிக்கிறான். அதுதான் எனக்குக் கவலை. அவன் பயம் இடம் மாற வேண்டும்.

நிலம் பெரும்பாலும் முன்கூட்டியே கொஞ்சம் சொல்லும். நேராக நின்ற வேலிக்கால் அல்லது மின்கம்பம் சாயும். தரையிலே வட்டமாக வெடிப்பு ஓடும். மாவிலே பிள்ளைகள் பார்த்த அதே வட்டம். திடீரென்று கதவு நிலையிலே இறுக்கும், சுவரிலே புது விரிசல் ஏறும். தேங்கி நின்ற குட்டை ஒரே இரவிலே வற்றிப்போகும். தெளிவாக இருந்த கிணற்று நீர் சேறாக வரும். இவற்றிலே எதைக் கண்டாலும் கிட்டப்போய் எட்டிப் பார்க்காதீர்கள். விளிம்பு வெளியே தெரிவதைவிடக் குடைந்திருக்கும். பிள்ளைகளை விலக்கி, கயிறு கட்டி, தோட்ட நிர்வாகத்திடம் சொல்லுங்கள். ஆபத்து என்றால் 999. கனிம, புவி அறிவியல் துறைக்கும் தெரிவிக்கச் சொல்லி நிர்வாகத்தை வற்புறுத்தலாம். அது அவர்கள் வேலைதான். தயவுசெய்து குப்பையைப் போட்டு நிரப்பி மேலே மண்ணைத் தூவிவிடாதீர்கள். அது குழியை மூடுவதாகாது, மறைப்பதாகும். சிலர் மஞ்சள் குங்குமம் வைத்துப் பூமித்தாயைக் கும்பிடுவார்கள். கும்பிடுங்கள், நானும் கும்பிடுவேன். கயிற்றைக் கட்டிவிட்டுக் கும்பிடுவோம்.

அந்தப் பையன் இப்போது என்ன சொல்கிறான் தெரியுமா? "டீச்சர், லெங்கோங் போய் தோபாச் சாம்பல் பார்க்கலாமா?" என்கிறான். பேருந்துக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சங்கப் பொறுப்பாளர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பதால் இப்போதே போட்டு வைக்கிறேன்.

வாளியும் பலூனும் அறிவியல் மூலையிலே இருக்கின்றன. பரிசளிப்பு முடிந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் செய்து காட்டுவார்கள். மாவு கொஞ்சம் பறக்கும், வெள்ளை வேட்டிக்காரர்கள் தள்ளி நிற்கவும். குழாயை ஊதுகிற வேலை அந்தக் குறும்புக்காரனுக்குத்தான்.